மடியில் ஒரு மஞ்சள் பை

அப்பாவிடம் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடை ஒன்றில் எந்த தீபாவளிக்கோ துணி எடுத்தபோது கொடுத்தது. அந்தக் கடை மூடிப் பல வருஷமாச்சு. துவைத்துத் துவைத்து, பையில் அச்சடித்திருந்த பெயரில் ஒரே ஒரு 'ஸ்' மட்டும் மிச்சம்.

அதற்குள் என்ன இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பிரஷர் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு குட்டி மாத்திரை, எல்லாம் அட்டையோடு. சிவப்பு மூடி போட்ட இன்சுலின் ஊசிகள். இன்சுலின் பாட்டில் மட்டும் பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், பஞ்சு சுற்றி. சர்க்கரை பார்க்கிற மெஷின். டாக்டர் சீட்டின் ஜெராக்ஸ் ரெண்டு. கடைசியாக, மடித்து நூல் கட்டிய பொட்டலத்தில் நாலைந்து ஸ்பூன் சர்க்கரை. "சர்க்கரை வியாதிக்காரருக்கு சர்க்கரை எதுக்கு?" என்று கேட்டு நான் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பதில் கிடைத்தது.

2022-ல் சென்னையில் இருக்கும் என் தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் ரெண்டு ராத்திரி நடுக்கடலில் சுற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிடும் சொகுசுக் கப்பல். அப்பாவுக்கு அப்போது 72 வயது. அம்மாவுக்குக் கப்பல் என்றால் சினிமாவில் பார்த்ததுதான். குடும்பமே கிளம்பினோம்.

அப்பா பத்து நாளுக்கு மருந்து எடுத்து வைத்தார்.

"ரெண்டு நாளுக்கு எதுக்குப்பா பத்து நாள் மருந்து? கப்பல்ல குடும்பம் நடத்தப் போறீங்களா?"

"மழை பேஞ்சா?" என்றார்.

கடலில் மழை பெய்தால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. அவர் மனசில் இருந்தது வேறு மழை.

மறுநாள் துறைமுகம். புதுப் பெட்டி, புதுச் சட்டை, அம்மாவுக்குப் பட்டுப்புடவை. சுற்றி எல்லோரும் தோளில் வழவழப்பான பைகளோடு நிற்க, அப்பா மட்டும் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். இப்போதாவது 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே விளம்பரம் செய்து அதற்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: கூச்சம்தான், வேறு காரணம் கிடையாது. "குடுங்கப்பா, பெட்டியில பத்திரமா இருக்கும்" என்று வாங்கிப் பெரிய பெட்டிக்குள் திணித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கை மட்டும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது.

கப்பல் பயணம் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். பஸ், ரயில் மாதிரி பெட்டியை நாமே தூக்கிக்கொண்டு உள்ளே போவதில்லை. வாசலிலேயே சீட்டு ஒட்டி வாங்கிக்கொள்வார்கள். எக்ஸ்ரேயில் பார்த்து, பிரித்து, நம் அறை வாசலுக்கு அனுப்ப சாயங்காலம் ஆகும். சில சமயம் ராத்திரி. அதுவரை நம்மிடம் இருப்பது கைப்பை மட்டும்தான். விமானமானால் இன்னொரு ஆபத்து சேர்த்தி. பெட்டிகள் வைக்கும் அடிப்பகுதியில் குளிர் ஏறி இன்சுலின் உறைந்துபோகலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின், திரும்பக் கரைந்து பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான்.

நாங்கள் மூணு மணிக்கு ஏறினோம். மேல்தளம், நீச்சல் குளம், மின்விளக்கு, பேரப்பிள்ளைகளின் ஓட்டம். ஏழு மணிக்கு மற்ற பெட்டிகள் வந்துவிட்டன. பெரிய பெட்டியைக் காணோம். எட்டு மணி. அப்பா சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஊசி போடவேண்டும். "ஊசி போடாம எப்படிச் சாப்பிடறது? வரட்டும்" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் அதுதான் சரி என்று நினைத்தோம்.

சரியில்லை. காலையில் போட்ட இன்சுலின் உடம்பில் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. மதியம் வரிசையில் நின்றபடி சாப்பிட்டது ரெண்டு இட்லி. அப்புறம் அவ்வளவு நடை. ஒன்பதே கால் இருக்கும். அம்மாதான் பார்த்தாள்.

"ஏங்க, ஏசியில உக்காந்துகிட்டு ஏன் இப்படி வேர்க்குது?"

அப்பா ஏதோ சொன்னார். வார்த்தை குழறியது. விரல்கள் நடுங்கின. ஊசி இல்லாததால் சர்க்கரை ஏறும் என்று பயந்துகொண்டிருந்தோமே தவிர, இறங்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பார்க்கிற மெஷின் பெட்டியில். சர்க்கரைப் பொட்டலம் பெட்டியில். நான் அறைக்குள் பைத்தியம் மாதிரி சுற்றினேன். தங்கச்சிதான் டீ போடும் மேஜையில் இருந்த சர்க்கரைத் தாள் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கிழித்து, தண்ணீரில் கலக்கி, மடக்கு மடக்காகப் புகட்டினாள். பிறகு கப்பலின் மருத்துவ அறைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை குடித்தபிறகும் மெஷின் காட்டியது 58. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து.

அந்த இளம் டாக்டர் பதறவில்லை. இன்னும் கொஞ்சம் குளுக்கோஸ் கொடுத்து, கால்மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தார். 94. "மூணு ஸ்பூன் சர்க்கரை, பதினைஞ்சு நிமிஷம், திரும்ப டெஸ்ட். இதை வீட்ல எல்லாரும் தெரிஞ்சு வச்சிக்கணும். மயங்கிட்டா மட்டும் வாயில எதையும் ஊத்தக் கூடாது, புரையேறிடும்" என்றார். முதலில் சாப்பிடச் சொன்னார். ஊசி எவ்வளவு என்பதை அப்புறம் பார்க்கலாம் என்றார்.

"எங்ககிட்ட இன்சுலின் இருக்கு சார். ஆனா..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே அப்பா, குரலில் இன்னும் நடுக்கத்தோடு, கேட்டார்:

"நாப்பதா, நூறா டாக்டர்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் பிறகுதான் விளங்கியது. நம் ஊர் மெடிக்கலில் கிடைக்கும் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குரிய ஊசிக்கு சிவப்பு மூடி. வெளிநாடுகளில் அனேகமாக எங்கும் 100 யூனிட். அதன் ஊசிக்கு ஆரஞ்சு மூடி. நம்மூர் சிவப்பு மூடி ஊசியில் வெளியூர் இன்சுலினை அதே கோடு வரைக்கும் ஏற்றினால், உடம்புக்குள் போவது ரெண்டரை மடங்கு. ஆளையே சாய்த்துவிடும். மருந்து தொலைந்து வெளியூரில் வாங்க நேர்ந்தால், ஊசியையும் கூடவே அங்கேயே வாங்க வேண்டும். பேனா ஊசிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. எங்கள் அப்பா பாட்டில்காரர்.

பெட்டி பத்தரை மணிக்கு வந்தது. ஏன் தாமதம் தெரியுமா? அம்மாவுக்கு வெந்நீர் வேண்டுமே என்று என் மனைவி அதில் ஒரு மின்சாரக் கெட்டிலை வைத்திருந்தாள். கப்பலில் தீ விபத்துக்குப் பயந்து கெட்டில், இஸ்திரிப்பெட்டி எதையும் விடமாட்டார்கள். எக்ஸ்ரேயில் பார்த்ததும் பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிட்டார்கள். தப்பு முழுக்க முழுக்க எங்களுடையது. அதிலும் பெரிய பங்கு என்னுடையது.

அந்த ராத்திரி அப்பா தூங்கவில்லை. பால்கனியில் உட்கார்ந்திருந்தார். கடல் இருட்டாக இருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாத பரம்பரை நாங்கள். சும்மா இருந்தேன். அவரே பேசினார்.

அப்பா 1979-ல் கல்வராயன் மலையில் பள்ளிக்கூட வாத்தியாராகப் போனவர். மலை அதுவரை அரசாங்கத்திடம் வந்தே மூணு வருஷம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ஜாகிர்தார்களின் ஆட்சி. மலைமேல் இருப்பவர்களை மலையாளிகள் என்பார்கள். கேரளாக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் பூர்வகதை. அப்பா இருந்த ஊருக்கு ரோடு கிடையாது. கச்சிராயபாளையம் வரைக்கும் பஸ். மேலே ஜீப் கிடைத்தால் ஜீப், அப்புறம் மூணு மணி நேரம் நடை. சனிக்கிழமை இறங்கி, திங்கட்கிழமை ஏறுவார்.

ஊரில் யாருக்கு என்ன மருந்து வேண்டுமென்றாலும் சீட்டை அப்பாவிடம்தான் கொடுப்பார்கள். கள்ளக்குறிச்சியில் வாங்கி வருவார். அப்போதெல்லாம் அட்டை ஏது? டப்பாவிலிருந்து எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள்.

விடுதியில் ஒரு பையன். ஒன்பது வயசு இருக்கும். வலிப்பு. ஆஸ்பத்திரியில் கார்டினால் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். தினம் ராத்திரி ஒன்று. மாசத்துக்கு ஒருமுறை அப்பாதான் வாங்கி வருவார். 1984 ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை. ஜீப்பில் கூட்டம். "சார், பையை மேல போட்டுடுங்க" என்றான் டிரைவர். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் டின்களோடு அப்பாவின் பையும் ஜீப்பின் கூரைக்குப் போயிற்று. பாதி மலையில் பிடித்தது மழை.

மேலே போய்ப் பையைத் திறந்தால் காகிதமும் மாத்திரையும் சேர்ந்து ஒரே கூழ்.

"மறுநாளே எறங்கிப் போயிருக்கணும்டா. ஒரு நாள் பாக்கலாம்னு இருந்துட்டேன். அப்புறம் ஓடையில வெள்ளம். நாலு நாள் ஒருத்தரும் எறங்க முடியல."

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், இதுவரை அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து வரும். மூணாம் ராத்திரி வந்தது. பையன் விடுதி சமையலறையில் குளிர்காய அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறான். விழுந்தது அடுப்பில். இடது கை முழங்கைவரை வெந்துவிட்டது. அந்தக் கையோடு அவனை டோலி கட்டி, வெள்ளம் வடிந்த பிறகு நாலு பேர் இறக்கினார்கள். அப்பாவும் ஒரு தோள் கொடுத்தார். பிழைத்துக்கொண்டான்.

"அன்னைலேர்ந்து மருந்து என் மடிய விட்டு எறங்கினது கெடையாது" என்றார்.

இன்னைக்கு வரைக்கும், என்று நான் மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்து நாற்பது வருஷமாக அந்தக் கதையை அவர் வீட்டில் சொன்னதில்லை. அம்மாவுக்கே தெரியாது.

இதை நான் நண்பர்களிடம் சொன்னபோது ஆளுக்கொரு அனுபவம் சொன்னார்கள். சிங்கப்பூர் போய் அங்கிருந்து கப்பல் ஏறப்போன ஒருவர், தூக்க மாத்திரையை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டிக்கொண்டு போகப் பார்த்தார். நல்லவேளை, டிராவல்ஸ்காரர் தடுத்தார். அந்த ஊரில் சில தூக்க மாத்திரைகளுக்கும், கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். நம்மூரில் டாக்டர் சாதாரணமாக எழுதித் தருவது இன்னொரு நாட்டில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கும். அட்டையோடு, பில்லோடு, மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டோடு கொண்டுபோனால் பேசவாவது முடியும். இன்னொருவர் அறை ஃபிரிட்ஜை நம்பி, இன்சுலினை உள்ளே பின்சுவரில் ஒட்டினாற்போல வைத்தார். காலையில் பனிக்கட்டி. எங்கள் அம்மாவும் ஒருமுறை ஐஸ்கட்டிக்கு நடுவில் பாட்டிலைச் செருகி அதே காரியத்தைச் செய்திருக்கிறாள். ஒரு துணியாவது சுற்றியிருக்க வேண்டும். கப்பல் ஆட்டத்துக்கு என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு அப்பாவின் பதில், மலைக்காரர்கள் பஸ்ஸில் செய்வதுதான்: ஏறுவதற்கு முன்னாலேயே அவோமின் போட்டுவிட வேண்டும், குமட்டல் வந்தபிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். ஆனால் நன்றாகத் தூக்கம் வரும். வயசானவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

2025 தை மாசம் அப்பா மலைக்குப் போகவேண்டும் என்றார். பழைய மாணவர் வீட்டுக் கல்யாணம். அம்மா, அப்பா, நான் மூவரும் பஸ்ஸில் போனோம். இப்போது வெள்ளிமலை வரைக்கும் பஸ் போகிறது. கோமுகி அணை தாண்டி, அடிவாரத்தில் போலீஸ் நிறுத்திப் பைகளைப் பார்த்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்ட உயிர் போனதே, அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எந்தப் பாட்டிலையும் யாரும் சும்மா விடுவதில்லை. விடவும் கூடாது.

அம்மாவின் பையிலிருந்து ஒரு பழைய தண்ணீர் பாட்டில் வந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ. "இன்னாம்மா இது?"

"இருமல் கஷாயம் தம்பி. வேணும்னா ஒரு வாய் குடிச்சிப் பாரு."

அவர் முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பஸ்ஸே சிரித்தது. ஆனாலும் அவர் எங்களைக் கீழே இறக்கி, விசாரித்து, கால்மணி நேரம் கழித்துத்தான் விட்டார். அப்பாவின் மஞ்சள் பையைத் திறந்தவர் அட்டைகளையும் சீட்டையும் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பக் கொடுத்தார். அப்பா அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாண வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தும் கரண்ட் இல்லை. அப்பா ஒரு மண்பானை கேட்டார். பானையில் முக்கால் தண்ணீர், அதற்குள் மூடி போட்ட டப்பா, டப்பாவுக்குள் இன்சுலின் பாட்டில், பானையைச் சுற்றி ஈரத்துணி. நிழலில், காற்றுப் படும் இடத்தில் வைத்தார். பானையின் வெளிப்பக்கம் ஈரம் உலர உலர உள்ளே குளிரும். திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜே இல்லாமல் வெயில் படாத இடத்தில் நாலு வாரம் வரைக்கும் வைக்கலாம். கோடையில்தான் இந்தப் பானை வேலை. தை மாசத்துக் குளிரில் தேவையே இல்லை. அப்பா கேட்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவும்போது ஒருவர் வந்து அப்பாவின் காலைத் தொட்டார். ஐம்பது வயது. இடது கை முழங்கைவரை சுருங்கி, பளபளப்பாக இருந்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கியாடா?"

"நல்லா இருக்கேன் சார். வலிப்பு வந்து பதினஞ்சு வருசம் ஆவுது. மாத்திரை விடாம போடறேன்." சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். "அம்மாவுக்கு பிரசர் மாத்திரை வூட்டுக்கே வந்துடுது. 'மக்களைத் தேடி மருத்துவம்'னு ஒரு பொண்ணு பையில போட்டு எடுத்துகினு வருது. மழையானாலும் வந்துடும் சார்."

"எதுல எடுத்தாருது? நனையாம?" என்று கேட்டார் அப்பா.

"பிளாஸ்டிக் கவர்ல சுத்தித்தான் சார்."

அப்பா தலையாட்டினார். கையைப் பற்றி ரெண்டு பேருமே பேசவில்லை. "அன்னைக்கு என்னைத் தூக்கினு வந்தீங்களே, அது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது" என்றார் அவர் கிளம்பும்போது. பையை ஜீப் கூரையில் போட்டதை அப்பா அவரிடம் அப்போதும் சொல்லவில்லை. வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கடுக்காய் ஒரு பை, புளி ஒரு பை, தேன் ஒரு பாட்டில். கண்டக்டர் எல்லாவற்றையும் மேலே வைத்தார். "பெரியவரே, அந்தப் பையையும் குடுங்க, வைக்கறேன்."

"இருக்கட்டும் தம்பி."

முதல் வளைவு திரும்பும்போது அப்பா என் பக்கம் சாய்ந்தார். எனக்கும் ரெண்டு வருஷமாக பிரஷர் மாத்திரை. அவருக்குத் தெரியும்.

"உன்னுது எங்க இருக்கு?"

நான் மேலே, பெட்டியைப் பார்த்தேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல், மஞ்சள் பையின் வாயைத் திறந்து என் பக்கம் பிடித்தார்.